டெவில் மே க்ரை 4 ஸ்பெஷல் எடிஷன்: சண்டை முழுசு, கேம் பாதி

டெவில் மே க்ரை 4 ஸ்பெஷல் எடிஷன் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் தயங்காமல் வாங்கச் சொல்வேன். அதே மூச்சில், கதையை முடிக்கும் வரை கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள் என்றும் சொல்வேன். வெட்டுக்குத்து கேம்களில் சண்டைக்கென்று இதைவிட ஆழமாக யோசித்துச் செய்தவை மிகக் குறைவு. அந்தச் சண்டையைத் தூக்கி இவ்வளவு அரைகுறையான ஒரு கேமுக்குள் வைத்ததும் குறைவுதான்.

முதலில் பின்னணி. அசல் கேம் 2008இல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் வந்தது, சில மாதம் கழித்து கணினிக்கு. இயக்குநர் ஹிடேயாகி இட்சுனோ. அப்புறம் 2013இல் பிரிட்டனைச் சேர்ந்த நிஞ்ஜா தியரி ஸ்டுடியோ கையில் கொடுத்து, இந்த வரிசையை வெளியிடுகிற கேப்காம் அதன் பழைய நாயகன் டான்டேயைப் புது ஆளாகக் கொண்டுவந்தது, பழைய ரசிகர்கள் கொந்தளித்தார்கள், அந்தச் சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். 2015இல் இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்துகிற மாதிரி மார்ச்சில் அந்தப் புது கேமுக்கு ஒரு மறுபதிப்பு, ஜூனில் 4ஆம் பாகத்துக்கு இந்த ஸ்பெஷல் எடிஷன். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி மூன்றிலும் நொடிக்கு 60 பிரேம். கூடவே டான்டேயின் இரட்டைச் சகோதரன் வெர்ஜில், பேய் வேட்டைக்காரி லேடி, டான்டேயின் கூட்டாளி ட்ரிஷ் என்று மூன்று பேர் புதிதாக விளையாடக் கிடைத்தார்கள்.

சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதை வாங்குவதே அதற்காகத்தான். இந்த பாகத்தின் புது நாயகன் நீரோவின் ரெட் குயின் வாளின் பிடியில் பைக் ஆக்ஸிலரேட்டர் மாதிரி ஒரு திருகு இருக்கிறது. சும்மா நின்று முறுக்கினாலும் சூடேறும், அடுத்த வெட்டு நெருப்போடு போகும். ஆனால் ஒவ்வொரு வெட்டும் முடிகிற அந்தக் கணத்தில், இம்மி பிசகாமல் பட்டனை அழுத்தினால் முறுக்கி நிற்க வேண்டிய அவசியமே இல்லை, காம்போவுக்குள்ளேயே, அதாவது தொடர் வெட்டுகளுக்கு நடுவிலேயே, கேஜ் (அந்தச் சூட்டின் அளவுமானி) ஏறிவிடும். கேட்க எளிதாக இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் நேரம் வேறு வேறு என்பது கையில் எடுத்தால்தான் தெரியும். இதைக் கற்றுக்கொள்ளாமலே கேமை முடித்துவிடலாம், நிறைய பேர் அப்படித்தான் முடித்திருப்பார்கள், அவர்கள் விளையாடியது வேறு கேம் என்றே சொல்வேன். இது போதாதென்று அவனுடைய வலது கை. தூரத்து எதிரியைப் பிடித்து இழுக்கும், கிட்டத்தில் இருப்பவனைத் தூக்கி அடிக்கும், எதிரி மாறினால் தூக்கி அடிக்கிற விதமும் மாறும்.

டான்டே கதையே வேறு. 3ஆம் பாகத்தில் ஒரு ஸ்டைலை, அதாவது சண்டை முறையை, தேர்ந்தெடுத்துக்கொண்டு மிஷனுக்குள் போக வேண்டும். இங்கே நான்கு ஸ்டைலும் திசைப் பட்டனில் இருக்கிறது, அந்தரத்தில் பறந்துகொண்டிருக்கும்போதே மாற்றலாம். மூன்று கைச்சண்டை ஆயுதம், மூன்று துப்பாக்கி, எல்லாமே உடனுக்குடன் மாறும். எதிரியின் மேலேயே கால் வைத்துக் குதித்து, நடந்துகொண்டிருக்கும் அடியைப் பாதியில் வெட்டிவிட்டு, அதே அடியைத் திரும்ப ஆரம்பிக்கிற வித்தை ஒன்று இருக்கிறது. அது விரல்களுக்குப் பழகிவிட்டால் டான்டே தரையில் இறங்க வேண்டியதே இல்லை. பழகாதவரை விரல் வலிதான் மிச்சம். வந்து இத்தனை வருஷம் கழித்தும் ஆட்கள் இதில் காம்போ வீடியோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றால் காரணம் இவன்தான்.

ஆனால் ஸ்பெஷல் எடிஷனின் உண்மையான நாயகன் வெர்ஜில். 3ஆம் பாகத்தின் மறுபதிப்பிலேயே அவனை விளையாட முடிந்தது, அப்போது அவன் கொஞ்சம் ஒட்டுவேலை மாதிரிதான் இருந்தான். இங்கே அவனுக்கென்று கான்சன்ட்ரேஷன் கேஜ் ஒன்று வைத்தார்கள். நம் அடி எதிரி மேல் விழுந்தால் ஏறும், எதிரியின் அடியிலிருந்து தப்பித்தால் ஏறும், அலட்டிக்கொள்ளாமல் நடந்து போனாலும் ஏறும். ஓடினால் இறங்கும். காற்றில் வாளை வீசி வீணடித்தால் இறங்கும். கேஜ் நிறைந்திருக்கும்போது ஒவ்வொரு வெட்டும் இன்னும் பலமாக விழுகிறது, உச்சத்தில் திரையையே துண்டுபோடுகிற ஒரு தாக்குதலும் கிடைக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், பதறாமல் ஆடினால்தான் பலம் என்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை, கேஜே நம்மை வெர்ஜில் மாதிரி ஆட வைத்துவிடுகிறது. குணத்தைக் கட்சீனில் (நடுவில் ஓடுகிற கதைக் காட்சியில்) சொல்லாமல் பட்டனில் சொன்ன கேம்கள் எத்தனை? 2020இல் 5ஆம் பாகத்தின் ஸ்பெஷல் எடிஷனுக்கு வெர்ஜில் வந்தபோது இதே கேஜைத்தான் கூட்டிவந்தார்கள், மாற்ற அவசியமில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

லேடி முழுக்கத் துப்பாக்கிக்காரி. பேயுருவம் எடுத்துப் பலம் கூட்டுகிற டெவில் ட்ரிக்கர் கிடையாது, அவள் மனுஷிதானே, அதற்குப் பதில் கையெறி குண்டுகளை வீசி சுற்றி நிற்பவர்களைச் சிதறடிப்பாள். எல்லாவற்றையும் சார்ஜ் செய்து வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து வெடிக்க வேண்டும். கிட்டத்தில் வந்துவிட்டால் மந்தம். சிலருக்கு இவளைப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும், காரணம் மற்ற நால்வரும் எதிரியை நோக்கி ஓடுகிறார்கள், இவள் ஒருத்திதான் விலகி நிற்க யோசிக்க வைக்கிறாள். ட்ரிஷ் புதியவர்களுக்கு எளிதான ஆள், ஸ்பார்டா வாளை எறிந்தால் அது பாட்டுக்குச் சுழன்று வெட்டிக்கொண்டிருக்கும், நாம் கையாலும் காலாலும் மிச்ச வேலையைப் பார்க்கலாம். அவளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

சரி, இப்போது வயிற்றெரிச்சல்.

இந்த கேமில் 20 மிஷன். 1 முதல் 11 வரை நீரோ. 12இலிருந்து 18 வரை டான்டே. எங்கே போகிறான் டான்டே? நீரோ வந்த வழியே திரும்பிப் போகிறான். அதே காடு, அதே கோட்டை, அதே பனி, அதே நகரம், பின்னாலிருந்து முன்னால். பாஸ்களும், அதாவது பெரிய எதிரிகளும், அதே ஆட்கள்தான், எக்கிட்னா, தவளை, நெருப்புப் பூதம் பெரியல். தவளைக்கு மட்டும் பேரையும் நிறத்தையும் மாற்றி விட்டிருக்கிறார்கள். 19ஆம் மிஷனில் நீரோ திரும்ப வருகிறான், வந்ததும் ஒரு பகடை விளையாட்டு, பகடை உருட்டி உருட்டி மூன்றாவது தடவையாக அதே பாஸ்கள். பாதிவழியில் பணமோ காலமோ தீர்ந்துபோயிருக்கிறது என்பது விளையாடுகிற எவருக்கும் தெரியும். 2008இல் அது வருத்தம். 2015இல் திரும்ப விற்கும்போது ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல் விற்றதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அதைவிடக் கொடுமை, புதிதாக வந்தவர்களும் இதே பாதையில்தான் நடக்க வேண்டும். வெர்ஜிலுக்கு 20 மிஷனும் அப்படியே. லேடியும் ட்ரிஷும் ஒரு கதையைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள், நீரோவின் இடத்தில் லேடி, டான்டேயின் இடத்தில் ட்ரிஷ். முன்னால் ஒரு கட்சீன், பின்னால் ஒரு கட்சீன், நடுவில் கதை என்று எதுவும் கிடையாது. கணக்குப் போட்டால் எல்லாரையும் வைத்து ஒரு முறை முடிப்பதற்குள் பெரியலை ஒன்பது தடவை கொன்றிருப்போம். பாதி கட்டின வீட்டை அப்படியே விட்டுவிட்டு, வெள்ளையடித்து, இன்னும் மூன்று பேரைக் குடிவைத்த வேலை இது.

டான்டேக்கு நடந்த அநியாயம் தனி. பேய்கள் வருகிற ஹெல் கேட் வாசல்களை ஒவ்வொன்றாக உடைக்க உடைக்கத்தான் அவனுக்கு ஆயுதம் கிடைக்கும். லூசிஃபர் என்கிற ஆயுதம் கைக்கு வந்து, ரோஜாவை வாயில் வைத்துக்கொண்டு அவன் போடுகிற அந்தக் கூத்து முடிவதற்குள் (அந்தக் கட்சீனைத் தவறவிடாதீர்கள், இவ்வளவு கூச்சமே இல்லாத மிகை நடிப்பை ரசிக்கவும் ஒரு மனசு வேண்டும்) அவனுடைய பகுதியே முடியும் தறுவாயில் இருக்கும். இவ்வளவு ஆழமான ஒரு ஆளை, முழு ஆயுதத்தோடு ஆட வாய்ப்பே கொடுக்காமல், நீரோவுக்கென்று கட்டின அறைகளில் ஓட விட்டிருக்கிறார்கள். எதிரிகளும் நீரோ கைக்கு அளவெடுத்தவர்கள்தான். மேலே மிதக்கிற மெஃபிஸ்டோவை நீரோ கையால் பிடித்து இழுத்தால் வேலை முடிந்தது. டான்டே உட்கார்ந்து அதன் அங்கியைத் துப்பாக்கியால் சுட்டுக் கரைக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் லேடி சிரிப்பாள். மின்னல் பூதம் பிளிட்ஸ் எல்லாருக்கும் தலைவலி, தொட முடியாது, பார்க்க முடியாத வேகம், சாகப்போகிற நேரத்தில் வந்து கட்டிப்பிடித்து வெடிக்கும். அதைச் செய்தவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

கேமராவும் பழைய காலத்துக் கேமரா. சில அறைகளில் அதுவாகவே கோணத்தை மாற்றிக்கொள்ளும், குதித்த திசை ஒன்று, விழுகிற இடம் ஒன்று. பம்பர புதிர், மூடுபனிக் காட்டில் வழி தேடுவது இதெல்லாம் ஒரு தடவைக்கே அதிகம். நீரோவின் சண்டைப் பாட்டு நல்ல பாட்டுதான், மூன்று பேர் நின்றாலும் அதே பாட்டு ஓடினால் எந்தப் பாட்டும் சலிக்கும்.

கேமுக்குள் பணமாகப் பயன்படுகிற ரெட் ஆர்பை நிஜக் காசுக்கு விற்றார்கள் என்று அப்போது ஒரு கூச்சல் எழுந்தது. விற்றது அசிங்கம்தான், ஆனால் வாங்க அவசியம் எதுவும் இல்லை. திறமைகளை வாங்க வாங்க விலை ஏறும் என்பது உண்மை. பிடிக்காத திறமையைத் திருப்பிக் கொடுத்தால் முழுப் புள்ளியும் கைக்கு வந்துவிடும் என்பதால் தாராளமாகப் பரிசோதித்துப் பார்க்கலாம், பெரும்பாலான கேம்களில் இந்த நாகரிகம் கிடையாது.

ஆக நான் சொல்லும் வழி இது. கன்ட்ரோலர் இல்லாமல் தொடாதீர்கள், கீபோர்டில் விரல் போதாது. நீரோ, டான்டே கதையை ஒரே ஒரு முறை முடியுங்கள், கட்சீன்களுக்காக. அதன்பின் மிஷன்களை மறந்துவிட்டு வெர்ஜிலோடு பிளடி பேலஸுக்குப் போங்கள். 101 மாடி, புதிரும் கிடையாது, திரும்பி நடப்பதும் கிடையாது, சண்டை மட்டும். பழகிவிட்டால் லெஜண்டரி டார்க் நைட் என்கிற விளையாட்டு முறை. முதலில் கணினிக்காரர்களுக்கு மட்டும் இருந்தது, கன்சோல்காரர்களுக்கு இந்த மறுபதிப்பில்தான் கிடைத்தது. திரை நிறைய எதிரிகளை இறக்கிவிடுவார்கள், அங்கே மந்தமான லேடியின் குண்டுகள்கூடப் புதிதாகத் தெரியும்.

அவளை இப்போதே விளையாடிவிடுங்கள், ஏனென்றால் முதன்மை வரிசையில் லேடி கையில் கிடைப்பது இங்கே மட்டும்தான். 2019இல் 5ஆம் பாகம் வந்தபோது அவளையும் ட்ரிஷையும் பாஸ்களின் வயிற்றிலிருந்து உரித்தெடுத்து, போர்வையைச் சுற்றி வேனில் உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அதன் ஸ்பெஷல் எடிஷனில் வெர்ஜிலுக்கு மட்டும் இடம் கிடைத்தது, இவர்கள் இரண்டு பேரும் அதே வேனிலேயே இருக்கிறார்கள்.