வெள்ளத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு
பள்ளியில் காலநிலை மாற்றத்தை விரிவாகக் கற்பித்தால் பதின்ம வயதினர் அச்சத்தில் உறைந்துவிடுவார்கள் என்று கட்டுரையாளர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. 2022 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் 400க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளம் எங்கள் ஊரான டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையத்தையும் சிதைத்ததால், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிச் சீருடையோடு, வாளியும் கையுமாக, மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார்கள். அந்த அச்சம் பாடநூலிலிருந்து வந்ததன்று. எந்தச் சரிவில் வீடு கட்டக் கூடாது, கூரையில் விழும் முதல் மழையை வெளியேற்றிவிட்டு அடுத்து வரும் நீரை எப்படித் தொட்டியில் சேர்ப்பது, அடைபட்ட வடிகாலைப் பற்றி நகராட்சிக்கு எப்படி முறையிடுவது என்பவற்றை அவர்களுக்குச் சொல்லித்தரத்தான் ஆளில்லை. புவியியல் பாடமே இதற்குப் போதும் என்று கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆனால் இங்கே 10ஆம் வகுப்பிலிருந்து புவியியல் விருப்பப் பாடம் என்பதால், எல்லா மாணவரும் கட்டாயமாகப் படிக்கும் லைஃப் ஓரியன்டேஷன் என்னும் வாழ்க்கை வழிகாட்டல் வகுப்பில் இதைச் சேர்ப்பதே பொருத்தம்.