வீட்டில் இருந்து ரிவியில் பார்க்கட்டாம்

சனிக்கிழமை எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் மைதான வாசலில் நடந்தது உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும்: பருவம் முழுவதற்கும் காசு கட்டிய சீசன் ரிக்கெற் போன் செயலியில் திறக்காமல், ஒரு முதியவர் ஆட்டம் பார்க்காமலே திரும்பிப் போனார். அதைப் பற்றி இங்கே எழுத நான் நினைக்கவில்லை. கழகத்தின் ரசிகர் ஆலோசனைக் குழுவில் மூத்தவர்கள் சார்பில் இருக்கிறேன், சொல்ல வேண்டியதைக் கூட்டத்தில் சொன்னால் போதும் என்றுதான் இருந்தேன். சொன்னேன். அதற்குக் கழகத்தின் பக்கம் இருந்து வந்த பதில்: "சிரமமாக இருப்பவர்கள் வீட்டில் இருந்து ரிவியில் பார்க்கலாமே." சொன்னவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நல்ல யோசனை ஒன்றைத் தருவதுபோலச் சிரித்த முகத்தோடு சொன்னார். எனக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை.

முதலில் ஒரு விடயம். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 இலிருந்து 5.15 வரை உதைபந்தாட்டத்தை நேரலையாகக் காட்டுவதில்லை. சின்னக் கழகங்களின் மைதானங்கள் வெறிச்சோடிப் போகக் கூடாது என்று 1960களில் கொண்டுவந்த ஏற்பாடு, இன்றும் இருக்கிறது. அன்று நடந்தது மூன்று மணி ஆட்டம். திரும்பிப் போன மனிதர் வீட்டில் ரிவியைப் போட்டிருந்தாலும் அது வந்திருக்காது. அவர் வானொலியில்தான் கேட்டார். கழகத்தில் சம்பளம் வாங்குகிற ஒருவருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த மனிதர் ஆட்டம் பார்த்தாரா இல்லையா என்பது அவருக்கு ஒரு பொருட்டாக இருந்திருந்தால், அந்த நேரத்தில் ஞாபகமும் வந்திருக்கும்.

"போனைச் சார்ஜ் பண்ணாமல் வந்துவிட்டார்" என்று ஒரு கதை சுற்றுகிறது. அது பொய். போனில் சார்ஜ் இருந்தது, ரிக்கெற்றும் இருந்தது. செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டு கடவுச்சொல்லைத் திரும்பக் கேட்டது. அதை மாற்ற மின்னஞ்சலுக்கு ஓர் இலக்கம் அனுப்புவோம் என்றது. மின்னஞ்சலைப் பார்ப்பது மகள். மகள் இருப்பது வேறு நகரத்தில். எண்பது வயதைத் தாண்டிய மனிதர், கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, விரல் நடுங்க நடுங்க அந்தத் திரையைத் தட்டிக்கொண்டு நின்றார். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். வாசலில் நின்ற பெடியனுக்கு இருபது வயதுகூட இருக்காது, அவனைக் குறை சொல்ல மாட்டேன். ரிக்கெற் அலுவலகத்துக்குப் போகச் சொன்னான். அது மைதானத்தின் மற்றப் பக்கம். இவருடையது முழங்கால் மாற்றிய கால். பாதித் தூரம் போய்விட்டு, ஏலாமல், பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். அவர் பெயரில், அவருடைய இருக்கைக்கு, முழுக் காசும் கட்டிய சீசன் ரிக்கெற் அது.

நாங்கள் இரக்கம் கேட்கவில்லை. முடிவு எடுக்க முன்னம் எங்களிடம் கேளுங்கள் என்கிறோம். அவ்வளவுதான். கையில் வைத்திருந்த சீசன் ரிக்கெற் அட்டையை நிறுத்திப் போனுக்கு மாற்ற முன்னம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "ஒரே ஒரு வாசலில் பெயர்ப் பட்டியலோடு ஓர் ஆளை நிறுத்துங்கள்" என்று சொல்லியிருப்போம். தேநீருக்கு நோட்டும் சில்லறையும் வாங்குவதை நிறுத்த முன்னம் கேட்டிருந்தால், ஒரு கடையிலாவது சில்லறை எடுங்கள் என்றிருப்போம். மேல்தட்டுப் படிகளில் கைப்பிடி இல்லை. ஒவ்வொரு படியாக முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்களை நான் ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்க்கிறேன். இடைவேளை பதினைந்து நிமிடம். கழிப்பறை வரிசையில் நின்று திரும்பி வர இரண்டாம் பாதி தொடங்கிவிடும். இதெல்லாம் பெரிய செலவா? கேட்டால் தெரியும். கேட்பதே இல்லை.

"எல்லாக் கழகங்களிலும் இப்படித்தானே" என்கிறார்கள். ஓம், அப்படித்தான். டொட்டன்ஹாமின் புது மைதானம் 2019 இல் திறந்த நாளிலிருந்தே அங்கே நோட்டும் சில்லறையும் செல்லாது. 2024 மார்ச்சில் அதே கழகம், மூத்தவர்களுக்கான சீசன் ரிக்கெற் சலுகையைப் புதிதாக யாருக்கும் கொடுக்கப் போவதில்லை என்று அறிவித்தது. அந்த ஆண்டு நவம்பரில் மான்செஸ்ரர் யுனைற்றெட், பருவத்தின் நடுவில், மிச்ச ரிக்கெற்றுகள் எல்லாம் 66 பவுண் என்றது. பென்சன்காரருக்கும் இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை, ஒரே விலை. எல்லாரும் செய்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடுமா? 2016 இல் லிவர்பூல் 77 பவுண் ரிக்கெற் என்று அறிவித்தபோது, 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எழும்பி வெளியே போனார்கள். சில நாட்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அதை விலக்கிக்கொண்டார்கள். முன்னமே கேட்டிருந்தால் அந்த மானக்கேடு வந்திருக்காது. அவர்கள் இளம் கால்களோடு எழும்பிப் போனார்கள். எங்கள் ஆட்கள் எப்படி எழும்பிப் போவது? படியில் கைப்பிடியே இல்லையே.

"காலம் மாறுகிறது, மாறத் தெரியாதவர்கள் பின்னால்தான் நிற்க வேண்டும்" என்று ஒரு தம்பி எனக்குச் சொன்னார். தம்பி, நான் இதைப் போனில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். போன் வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. போன் மட்டும்தான் என்பதைத்தான் வேண்டாம் என்கிறோம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விளங்காத மாதிரி நடிக்காதீர்கள்.

இளம் ஆட்களுக்கும் விலை கூடத்தான். உண்மை. அவர்களுக்கும் குழுவில் ஆள் இருக்கிறது, அவர் கதைக்கட்டும், நானும் கை தூக்குவேன்.

கூட்டத்தில் சொல்ல நேரம் தராத ஒன்றை இங்கே சொல்கிறேன். எண்பதுகளில் நான் இந்த நாட்டுக்கு வந்தபோது மைதானங்களில் எங்கள் நிறத்துக்கு என்ன மரியாதை இருந்தது என்று இப்போது இருபது வயதில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. 1988 இல் லிவர்பூலின் கறுப்பின வீரர் ஜோன் பார்ன்ஸ் மீது வாழைப்பழம் எறிந்தார்கள். அவர் அதைக் குதிக்காலால் தட்டிவிட்ட படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆடுகிறவருக்கே அந்தக் கதி என்றால், நின்று பார்க்க வந்த எங்களுக்கு? அப்போது வாசலில் காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் நின்று பார்க்கலாம். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துவிட்டு, யாழ்ப்பாணத்துக் குருநகரில் கடற்காற்றில் பந்து பார்த்த ஆசையில், தனியாகப் போய் நின்றேன். பின்னால் இருந்து என்னென்னவோ கத்தினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரர் என் தோளில் கையைப் போட்டு, திரும்பிப் பார்த்து, "இவன் என்னோடு வந்தவன்" என்றார். அதற்கு முன் அவர் என்னைக் கண்டதே இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். சனிக்கிழமை வாசலில் நின்றவர் அவர்தான்.

1989 ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோ மைதானம். நெரிசலில் 97 உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் அதை விசாரித்த நீதிபதி ரெய்லரின் அறிக்கை, அதற்குப் பிறகுதான் பெரிய மைதானங்கள் எல்லாவற்றிலும் இருக்கைகள். இன்று நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பயமில்லாமல் போகிறீர்கள் என்றால், அந்தத் தலைமுறை கம்பி வேலிக்குள் நின்று பட்ட பாடு அதற்குப் பின்னால் இருக்கிறது. அவர்களைப் பார்த்துத்தான் ரிவி பாருங்கள் என்கிறீர்கள்.

ரிவி என்றதும் இன்னொன்று. 2025-26 இலிருந்து நான்கு பருவங்களுக்கு, இங்கிலாந்தின் முதல்தரத் தொடரான பிரீமியர் லீக்கின் உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை 6.7 பில்லியன் பவுண். அந்தக் காசுக்காகத்தான் ஆட்டம் திங்கள் இரவு எட்டு மணிக்கும் ஞாயிறு மாலைக்கும் போகிறது. முடிந்து வெளியே வரப் பத்து மணி. மாதக் கணக்காக வைத்திருந்த வைத்தியசாலைத் திகதியையும் பிள்ளையின் விடுமுறையையும் மாற்ற முடியாத மனிதரிடம், ஆட்டம் மாறிவிட்டது என்று செயலியில் ஒரு செய்தி. ரிவிக்காக அவரைக் குளிரில் நடக்க வைக்கிறீர்கள். நடக்க முடியவில்லை என்றால் அதே ரிவியைக் காட்டுகிறீர்கள். இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று எனக்கு யாராவது சொல்லுங்கள்.

இவர்களில் கன பேர் தனியாக இருப்பவர்கள். மனைவி போய்விட்டார், பிள்ளைகள் தூரம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அதே வரிசை, அதே முகங்கள், "கால் எப்படி இருக்கிறது" என்று கேட்க ஒருவர். ரிவி அதைக் கேட்காது. எங்கள் ஊரில் ஆட்டம் தொடங்க முன்னம் கிழவர்களுக்குக் கோட்டோரமாகக் கதிரை போடுவார்கள். யாரும் சட்டம் போட்டுச் செய்ததல்ல.

இங்கே சட்டமே இருக்கிறது. 2023-24 இலிருந்து, லீக்கின் விதிப்படி, பிரீமியர் லீக் கழகங்கள் ரசிகர் ஆலோசனைக் குழு வைத்திருக்க வேண்டும். 2025 ஜூலையில் உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம் நிறைவேறியது. ஆட்ட நாள் ஏற்பாடுகள், ரிக்கெற் விலை பற்றி ரசிகர்களோடு கலந்து பேச வேண்டும் என்பது அதற்குள் வருகிறது. ஆகவே எனக்குக் கதைக்க ஐந்து நிமிடம் தந்ததை யாரும் உபகாரமாகச் சொல்ல வேண்டாம். முடிவு எடுத்து முடிந்தபின் அறிவிப்பதற்குப் பெயர் கலந்து பேசுவதல்ல. முன்னமே கேளுங்கள்.

"நீ ஒரு தமிழன், உனக்கேன் வெள்ளைக்காரக் கிழவர்களுடைய பிரச்சினை" என்று நம்மவர்களிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். மேலே எழுதியதை வாசித்தபிறகும் அவருக்கு அந்தக் கேள்வி இருந்தால், என்னிடம் வேறு பதில் இல்லை.

கடிதம் இன்று காலை போய்விட்டது. ஒரு வாசலில் பட்டியலோடு ஓர் ஆள், கேட்பவர்களுக்கு அட்டை, மேல்தட்டுப் படிகளுக்குக் கைப்பிடி, சனிக்கிழமை திரும்பிப் போனவருக்கு எழுத்தில் மன்னிப்பு. இந்த நான்கும் கேட்டிருக்கிறேன். உங்கள் அப்பா, மாமா, பக்கத்து இருக்கைக்காரர் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், பெயர் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறேன். கழகத்தின் பதில் வந்தால் ஒரு சொல் மாற்றாமல் இங்கே போடுவேன். வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி அதுதான்.