இது எந்த நாட்டு ஏரி?

போன மாதம் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரிக்கரையில் எடுத்த ஒரு படத்தை இங்கே போட்டிருந்தேன். பால் போல வெளுத்த தண்ணீர், ஒரு சிற்றலைகூட இல்லை. மேலே பஞ்சை இழுத்துவிட்டது போல மேகம். நிறையப் பேர் பாராட்டினீர்கள், நன்றி. அதில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: "இது எந்த நாட்டு ஏரி?"

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து அதே கேள்வி உறுத்த ஆரம்பித்தது. ஏரியை ஒட்டிய லால்பேட்டையில் பிறந்து வளர்ந்தவருக்குக்கூட அடையாளம் தெரியாது, அந்தப் படத்தைப் பார்த்தால்.

எப்படி எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். வீராணத்தின் பெரிய கரை கிழக்குப் பக்கம். அதனால் கரையில் நின்றாலே சூரியன் தண்ணீருக்கு மேல் இறங்குவதைப் பார்க்கலாம். கரை மேலேயே சாலை போகிறது. பஸ்ஸும் லாரியும் போகும்போது தரை அதிரும். அதனால் உள்சரிவில் கல் பதித்த இடத்தில் ட்ரைபாடை இறக்கி வைத்தேன். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப் 11. வெறும் லென்சுக்கு ஷட்டர் எட்டில் ஒரு நொடி திறந்தால் போதும் என்று கேமரா சொன்னது. பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் என்பது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் கறுப்புக் கண்ணாடி. அதை மாட்டினால் அந்த எட்டில் ஒரு நொடி இரண்டு நிமிடத்துக்கு மேல் நீண்டுவிடும். ஃபோகஸை முதலிலேயே சரி செய்து மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் ஃபில்டர் மாட்டிய பிறகு கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் பல்ப் மோட் (நாம் மூடும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் முறை), ரிமோட், காத்திருப்பு.

அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு பெரியவர் சிறு படகில் வலையோடு என் கண் முன்னால் இடமிருந்து வலமாகக் கடந்து போனார். கரையேறியதும் என்னிடம் வந்து, "நம்ம படகு வந்திருக்கா தம்பி?" என்று கேட்டார். திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆளையே காணோமே" என்றார். நகர்ந்துகொண்டே இருந்தால் படத்தில் விழாது ஐயா என்று விளக்கினேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தலையாட்டலை என்னால் மறக்க முடியவில்லை.

1838இல் புகைப்படக் கலையின் முன்னோடி தாகேர் பாரிஸில் ஒரு பெருஞ்சாலையைப் படம் எடுத்தார். வண்டியும் குதிரையும் ஜனமுமாக இருக்கும் தெரு அது. படத்தில் தெரு வெறிச்சென்று கிடக்கும். தகட்டில் பதிய அப்போது பல நிமிடங்கள் வேண்டியிருந்ததால் நடந்தவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள். செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு அசையாமல் நின்ற ஒருவர்தான் தெளிவாக மிஞ்சினார். தாகேருக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியிலும் எடுக்கலாம், பத்து நிமிடத்திலும் எடுக்கலாம். அப்படியிருந்தும், ஏரி என்றாலே அந்தக் கறுப்புக் கண்ணாடியைத்தான் எடுக்கிறோம்.

வீராணம் பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. முழு மட்டம் 47.5 அடி. வயலுக்கும் பாய்கிறது, 2004 முதல் சென்னைக்குக் குடிக்கவும் போகிறது. இத்தனை நூற்றாண்டாக ஓயாமல் வேலை செய்யும் தண்ணீர் இது. காற்று அடித்தால் கல்லில் தப்தப்பென்று மோதும். கோரை சாயும். வலை விழும். அதையெல்லாம் துடைத்துவிட்டு அமைதி என்று பெயர் வைத்தால், அந்த அமைதி ஏரியுடையது ஆகாது, ஃபில்டருடையதுதான்.

நீண்ட எக்ஸ்போஷரே, அதாவது ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுப்பதே, கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கு உயிர் அது. சூரியன் இறங்கி அரைமணி கழித்து, படகெல்லாம் கரை ஏறிய பின், மேகம் மட்டும் நகரும்போது நான்கு நிமிடம் திறந்து வையுங்கள். அந்த நேரத்துக்கு அதுதான் நியாயம். வெள்ளியங்கால் ஓடையில் உபரி நீர் திறந்துவிடும்போது அரை நொடி போதும். தண்ணீர் நூல் நூலாகப் பிரியும், விழுகிற வேகமும் தெரியும். ஒரு சாயங்காலம் ஓரத்தில் ஒரு கொக்கு நின்றது. நாற்பது நொடி எக்ஸ்போஷர். சுற்றிலும் தண்ணீர் கரைந்துவிட்டது, கொக்கு மட்டும் வரைந்தது போல அப்படியே. உறுமீனுக்காக அது எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதை அந்த நாற்பது நொடி சொன்னது. எத்தனை நொடி என்று கேமராவில் திருகும் முன், எதிரில் எது நகர்கிறது, அது யார் என்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்பது.

போன ஞாயிறு திரும்பப் போனேன். அதே கல், அதே வெளிச்சம். எட்டில் ஒரு பங்கு வெளிச்சத்தை உள்ளே விடும் மூன்று ஸ்டாப் ஃபில்டர் மட்டும் மாட்டினேன், ஒரே ஒரு நொடி. அலை கல்லிலிருந்து பின்வாங்கும் கோடுகள் விழுந்திருக்கின்றன. துடுப்பும் கையும் கலங்கிப் புகைபோல இருக்கின்றன. படகு லேசாக இழுபட்டிருக்கிறது, ஆனாலும் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரிகிறது. பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பெரியவரிடம் கொடுக்கப் போகிறேன்.