திருப்புதலை மாணவர் எழுதிய தாளிலிருந்து தொடங்குவோம்

அரையாண்டுத் தேர்வு முடிந்து சனவரி பிறந்துவிட்டால், பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடவேளைகளில் திருப்புதல் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் ஒப்புவித்தல்தான். தற்குறிப்பேற்ற அணி என்றால் என்ன, வினைத்தொகை என்றால் என்ன என்று ஆசிரியர் கேட்க, மாணவர்கள் வரி பிசகாமல் சொல்கிறார்கள். அதே மாணவரின் கட்டுரையைப் புரட்டினால், 'புயலில் தென்னை மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்தது' என்று எழுதியிருக்கிறார். ஒருமை பன்மை மயக்கம் பற்றிய வினாவுக்குச் சரியாக விடையளித்தவர்தான் அவரும். முதல் தாள், இரண்டாம் தாள் என்றிருந்த தமிழ்த் தேர்வு 2019-20 கல்வியாண்டில் ஒரே தாளாகிவிட்டது. ஆனால் நாம் இன்னும் இலக்கணத்தை ஒரு பக்கமும் கட்டுரையை ஒரு பக்கமுமாகப் பிரித்து வைத்தே கற்பிக்கிறோம் என்பது என் வருத்தம்.

வினைத்தொகையையே எடுத்துக்கொள்வோம். 'காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை' என்னும் நன்னூல் நூற்பாவைச் சொல்லி, 'சுடுசோறு' என்பதைச் சுட்ட சோறு, சுடுகின்ற சோறு, சுடும் சோறு என்று முக்காலத்துக்கும் விரித்துக் காட்டியதோடு பாடம் முடிந்துவிடுகிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, உம்மைத்தொகையிலும் மிகாது, அதனால்தான் சுடுசோறு, இரவுபகல் என்று ஒற்றில்லாமல் எழுதுகிறோம் என்ற அடுத்த படிக்கு மாணவரை அழைத்துச் செல்வோர் குறைவு. தொகைகளைத் தெரிந்துகொள்வதன் பெரும்பயனே ஒற்றுப்பிழை நீங்குவதில்தான் இருக்கிறது. இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும் என்பதும் அப்படித்தான். சுற்றுலாக் கட்டுரையில் 'கடலை பார்த்தேன்' என்று எழுதினால் அது நிலக்கடலையாகிவிடும், 'கடலைப் பார்த்தேன்' என்றால்தான் அலையடிக்கும் கடல் என்று ஒரு முறை காட்டிவிட்டால், அந்த விதி ஆயுளுக்கும் மறக்காது.

அணிகளின் நிலை இதைவிட வேதனையானது. தண்டியலங்காரம் பொருளணிகள் முப்பத்தைந்தைக் கூறுகிறது. பள்ளி மாணவருக்கு அவற்றில் சில போதும், ஆனால் அந்தச் சிலவற்றையாவது சுவைத்துப் படிக்க வேண்டும். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, 'போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' என்கிறார் இளங்கோவடிகள். காற்றில் கொடி அசைவது இயல்பு. அந்த நகரில் கோவலனுக்கு நேரப்போவது தெரிந்த கவிஞருக்கோ, 'வராதீர்கள்' என்று அது கைகாட்டித் தடுப்பதாகத் தோன்றுகிறது. இந்த இடத்தில் நெஞ்சு பதறிய மாணவருக்குத் தற்குறிப்பேற்றத்தின் இலக்கணத்தைத் தனியே மனப்பாடம் செய்யவேண்டிய தேவையே இராது. நாமோ கதையைச் சொல்லாமல் அணி விளக்கம், சான்று, அணிப்பொருத்தம் என்று மூன்று தலைப்பிட்டு எழுதப் பழக்குகிறோம். நயம் பாராட்டும் வினாவிலும் இதே கதைதான். எந்தப் பாடலைக் கொடுத்தாலும் 'காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை', 'மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை' என்ற அதே வரிகள் விடைத்தாளில் வந்து விழுகின்றன.

கட்டுரைக்கு வருவோம். முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரை என்னும் சட்டகத்தின்மீது எனக்குக் குறையில்லை. தொடக்கநிலையில் அது தேவையும்கூட. உள்ளே என்ன வைக்கிறோம் என்பதே கேள்வி. நீர் மேலாண்மை பற்றி எழுதச் சொன்னால், டெல்டாவின் கடைமடைப் பகுதி மாணவர்கூட 'நீரின்றி அமையாது உலகு' என்று தொடங்கி, கைடில் உள்ள பொதுவான வரிகளையே அடுக்குகிறார். சூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்படுமா, திறந்தாலும் தங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று வீட்டில் நாள்தோறும் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். அதை எழுதலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. குறளை மேற்கோள் காட்டுவது நல்லதுதான். அந்தக் குறளின் உண்மையைத் தன் ஊர் வயலில் காட்டும் கட்டுரை அதைவிடப் பல மடங்கு நல்லது.

ஆகவே ஆசிரியர்களையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன். திருப்புதலை இலக்கணக் குறிப்பேட்டிலிருந்து தொடங்காமல், மாணவர் அரையாண்டுத் தேர்வில் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். அதை அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சு முட்டும் தொடர் எது என்பது அவருக்கே தெரிந்துவிடும். ஒவ்வொரு தொடரிலும் எழுவாயையும் பயனிலையையும் அடிக்கோடிடச் செய்து, இரண்டும் இயைகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒற்று விடுபட்ட இடங்களை அவரே தேடட்டும். பிறகு அதே கட்டுரையை, தன் ஊரில் கண்ட ஒன்றையாவது சேர்த்து, மறுபடி எழுதட்டும். எந்த விதி எந்த வரியைச் சரிசெய்தது என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொண்ட பிறகு, இலக்கண வினாக்களுக்குப் போகலாம்.