தோலுரிச்ச பாதாம்

ரவி: அக்கா, நீங்க போன்ல சொன்ன மாதிரியே தொட்டி மீனுக்குப் பாதாம் போட்டேன். கலர் வரவே இல்ல.

மலர்: எத்தினி போட்டீங்க?

ரவி: பத்து மீனு, பத்து பாதாம். ராத்திரி ஊறவெச்சு, காலையில தோலை உரிச்சுப் போட்டேன்.

மலர்: தோலை எதுக்கு உரிச்சீங்க?

ரவி: தோலோட தின்னா செரிக்காதுன்னு அம்மா சொன்னாங்க.

மலர்: மீனு எவ்ளோ நீளம்?

ரவி: ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும்.

மலர்: பாதாம்?

ரவி: அது... ரெண்டரை.

மலர்: அப்ப யாரு யாரைத் தின்னணும்னு நெனச்சீங்க?

ரவி: நீங்கதானேக்கா பாதாம் போடச் சொன்னீங்க!

மலர்: பாதாம் எலை தம்பி. எலை! தெருவுல நிக்குதே நாட்டு பாதாம், பசங்க கல்லால அடிச்சுக் கொட்டை ஒடைச்சுத் தின்னுவாங்களே, அந்த மரத்து எலை. பாயசத்துல போடுற பாதாம் வேற ஜாதி, வேற மரம். வேற இன்னா போட்டீங்க? மறைக்காம சொல்லுங்க.

ரவி: குங்குமப்பூ. ஒரே ஒரு இழைதான்.

மலர்: பாலு?

ரவி: பால் ஊத்தலக்கா, எனக்குத் தெரியாதா? வீட்டுக்காரிக்கு ஏழாம் மாசம். அம்மா தெனம் குங்குமப்பூ பால் குடுக்குறாங்க, கொழந்தை செவப்பா பொறக்கணும்னு. அதுல ஒரு இழை எடுத்து...

மலர்: கொழந்தைக்கும் மீனுக்கும் ஒரே வைத்தியமா? ரெண்டு பேருகிட்டயும் நடக்காது. படத்தைக் காட்டுங்க. இன்னா இது, மோர்க்கொழம்பா?

ரவி: தொட்டிக்கா.

மலர்: மேல மினுமினுன்னு படலம் நிக்குது பாருங்க, அது பருப்போட எண்ணெய். அது மூடிக்கிட்டா காத்து தண்ணியில எறங்காது. கீழ பருப்பு அழுகி அம்மோனியா வேற ஏறும். மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுதா?

ரவி: ஆமாக்கா. பழகிடுச்சு, பேசுதுன்னு நெனச்சேன்.

மலர்: பேசத்தான் செஞ்சிருக்கும். என்னை ஏன் இங்க கூட்டியாந்தேன்னு கேட்டிருக்கும். வூட்டுக்குப் போனதும் பருப்பு மொத்தத்தையும் எடுங்க. காகிதத்தைத் தண்ணி மேல விரிச்சுத் தூக்குனா எண்ணெய் ஒட்டிக்கினு வந்துடும். மூணுல ஒரு பங்கு தண்ணியை மாத்துங்க, நாளைக்கும் அதே அளவு. ஏர் பம்ப்பை நிறுத்தாதீங்க. நாளைக்கு முழுக்கப் பட்டினி.

ரவி: இதுக்கெல்லாம் எவ்ளோ ஆகும்?

மலர்: சும்மா.

ரவி: சும்மான்னா... கேக்குமா அது?

மலர்: தண்ணி மாத்துறதுக்கு இன்னா தம்பி விலை? சரி, வாங்குன அன்னிக்கு எடுத்த படம் இருக்கா? முதல்ல இது இன்னா மீனுன்னு பாப்போம்.

ரவி: எல்லாமே சில்லி ரஸ்போரா. பில்லு இருக்கு.

மலர்: பில்லை மீனு படிச்சிருக்காது. இதோ பாருங்க, செவுளுக்குப் பின்னாடி ஆரம்பிச்சு வால் வரைக்கும் ஒரே கறுப்புக் கோடு, கோட்டுக்கு மேல லேசா செவப்பு. இது சில்லி. அஞ்சு இருக்கு. இந்த ரெண்டுத்துக்குக் கோடு இல்ல, பொட்டுதான். விலாவுல பெரிசா ஒண்ணு, அடித் துடுப்புகிட்ட ஒண்ணு, வால் அடியில ஒண்ணு. இது மக்குலாட்டஸ், சில்லி மாதிரியே போராராஸ் ஜாதி.

ரவி: மீதி மூணு?

மலர்: அது ரஸ்போராவே இல்ல. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவுல குட்டியா இன்னொரு துடுப்பு தெரியுதா? பெரிசு பண்ணிப் பாருங்க. அந்தத் துடுப்பு டெட்ராவுக்கு உண்டு, ரஸ்போராவுக்குக் கெடையாது. கலரு எந்தப் பக்கம் வேணா ஏமாத்தும், துடுப்பு ஏமாத்தாது. இது எம்பர் டெட்ரா, பிரேசில் ஆறு. சில்லி போர்னியோ சதுப்புக் காட்டுத் தண்ணி. கடையில ஒரே வலையில அள்ளிப் போட்டிருப்பாங்க.

ரவி: ரெண்டும் செவப்புதானேக்கா?

மலர்: ஒரு சங்கதி சொல்றேன். சில்லிக்கு 1978-ல பேர் வெச்சவரு தன் பொண்டாட்டி பேரை வெச்சாரு, பிரிகிட்டே. எம்பரைப் புடிச்சாந்தவரோட அம்மா பேரு அமண்டா. 1987-ல அந்த மீனுக்கு அம்மா பேரு வந்துச்சு. நீங்க பொண்டாட்டியையும் அம்மாவையும் ஒரே தொட்டியில போட்டு வெச்சிருக்கீங்க.

ரவி: சண்டை போடுமா?

மலர்: போடாது. ஆனா அமண்டா கொஞ்சம் பெரிசு, சாப்பாட்டுக்கு முந்திக்கும். பிரிகிட்டே பின்னாடியே நிக்கும்.

ரவி: எங்க வீட்டுல அப்படியே தலைகீழ்க்கா.

மலர்: உங்க வூட்டைக் கேக்கல. தொட்டியில கீழ இன்னா போட்டிருக்கீங்க?

ரவி: வெள்ளை மணல். பளிச்சுன்னு தெரியணும்ல? லைட்டும் காலையில ஆறு மணிக்குப் போட்டா ராத்திரி பத்து வரைக்கும் எரியும்.

மலர்: அதான் வெளுத்துக் கெடக்குது. சின்ன மீனு தரைக்கு ஏத்த மாதிரி தன்னை மாத்திக்கும். தோலுல இருக்கிற நிறப் பொட்டுங்க சுருங்கிச்சுன்னா வெளுப்பு, விரிஞ்சா கலரு. வெள்ளைத் தரை, தலை மேல பதினாறு மணி நேரம் விளக்கு, ஒளிய ஒரு செடி இல்ல. எங்கேர்ந்து விரியும்? கறுப்பு மணல் மாத்துங்க. பின்னாடி கண்ணாடியில வெளிப்பக்கமா கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்க. விளக்கு 6 மணி நேரம் போதும். மேல மிதக்குற செடி பாதித் தொட்டிக்கு வுடுங்க.

ரவி: எல்லாத்தையும் கறுப்பாக்கிட்டா எப்படிக்கா செவப்பு வரும்?

மலர்: கறுப்புலதான் செவப்பு நிக்கும். உங்க அம்மாகிட்டயும் போய்ச் சொல்லுங்க, பேரப்புள்ளைக்கு இன்னும் மூணு மாசம் இருக்குது.

ரவி: கலர் வர்ற மாதிரி டானிக் ஏதாவது...?

மலர்: இல்ல.

ரவி: மார்க்கெட்டுல பாட்டில்ல பார்த்தேனே.

மலர்: செவப்புச் சத்து மீனு ஒடம்புல தானா ஊறாது, தின்னுதான் வரணும். ஆர்ட்டீமியான்னு உப்புத் தண்ணியில வளர்ற குட்டி எறால் இருக்குது, அதோட முட்டை வாங்கிப் பொரிங்க. 1 லிட்டர் தண்ணிக்கு 25 கிராம் கல்லுப்பு, மரக்காணத்து உப்பே போதும். முட்டை கால் டீஸ்பூன். பாட்டில்ல ஊத்தி அடியில காத்துக் கொழாய் வுட்டு, பக்கத்துல ஒரு விளக்கு. நம்ம ஊரு வெயிலுக்கு ஒரு நாள், மிஞ்சுனா ஒண்ணரை நாள். அப்புறம் காத்தை நிறுத்திப் பத்து நிமிஷம் வுடுங்க. ஓடு மேல மிதக்கும், ஆரஞ்சு கலர்ல குஞ்சு கீழ எறங்கும். ட்யூப் போட்டு அடியிலேர்ந்து உறிஞ்சி, துணியில வடிகட்டி, நல்ல தண்ணியில அலசிக் குடுங்க. ஓட்டோட ஊத்துனா மீனு வயித்துல அடைச்சுக்கும். பொரிஞ்ச அன்னிக்கே குடுத்துடணும், நாள் போனா சத்து போயிடும். மத்த வேளைக்கு, இப்ப போடுற உருண்டைத் தீனியை விரலால பொடி பண்ணித் தூவுங்க. அந்த வாயிக்கு அதுவே மலை.

ரவி: அப்ப நாளைக்குக் கலர் வந்துடும்?

மலர்: மூணு, நாலு வாரம். அதுவும் ஆம்பளை மீனுக்குத்தான் அந்த ரத்தச் செவப்பு. வயிறு உருண்டையா இருக்கிறது பொம்பளை, அதுக்கு ஒரு அளவுக்கு மேல ஏறாது. ஆம்பளை ரெண்டு மூணு சேந்து மொறைச்சுக்கினா இன்னும் ஏறும். அதனால சில்லியை எட்டு, பத்தாக்குங்க. இந்தத் தடவை துடுப்பைப் பாத்து வாங்குங்க.

ரவி: அதே கடையில பச்சை, ரோஸ், ஊதான்னு கண்ணாடி மீனு இருந்துச்சுக்கா. அதை வாங்கியிருந்தா இந்த வேலையே இல்ல.

மலர்: அது ஊசியில ஏத்துன சாயம் தம்பி. அது நம்ம நாட்டு மீனு. எலும்பு தெரியிற மாதிரி ஒடம்பு தெளிவா இருக்குதே, அதுதான் அதோட அழகு. அதைப் புடிச்சு ஒவ்வொண்ணுத்துக்கா ஊசி போடுறாங்க. சில மாசத்துல சாயம் கரைஞ்சிடும், பல மீனு அது வரைக்கும் தாங்குறதில்ல. இருக்கிற கலரு பத்தலன்னு ஊசி எடுக்கிறவனுக்கு மீனு எதுக்கு? பெயின்ட் டப்பா வாங்கி மேசை மேல வெச்சுக்கட்டும்.

ரவி: கோவப்படாதீங்கக்கா. தண்ணி சரியா இருக்கான்னாவது சொல்லுங்க. லாஸ்பேட்டை போர் தண்ணி, கரைஞ்ச உப்பை அளக்குற டிடிஎஸ் மீட்டர்ல 800 காட்டுது.

மலர்: போர்னியோவுல சில்லி கெடக்குறது மழைத்தண்ணி மாதிரி உப்புக் கம்மியான தண்ணி. வாரத்துக்குக் கால் தொட்டியை எடுத்துட்டு ஆர்ஓ தண்ணி ஊத்துங்க. ஆறு வாரத்துல 200-க்குக் கீழ வந்துடும். ஒரே நாள்ல மொத்தமா மாத்துனா மீனு போயிடும். ஐப்பசி மழைத்தண்ணி இன்னும் விசேஷம். மொதல் கால் மணி நேரத்துத் தண்ணியை வுட்டுட்டு, மாடி கழுவுனப்புறம் புடிங்க.

ரவி: மழைத்தண்ணி எவ்ளோக்கா?

மலர்: வானத்துக்கு பில்லு போடச் சொல்றேன்.

ரவி: இல்ல, சும்மா கெடைக்கிறதுன்னா ஒரு சந்தேகம்தான். சரி, அந்த எலை?

மலர்: பழுத்து, தானா வுழுந்து, பழுப்பா காய்ஞ்ச எலையா எடுக்கணும். பச்சை வேணாம், சாக்கடையோரம் வுழுந்ததும் வேணாம். கழுவி அஞ்சு நிமிஷம் கொதிக்க வெச்சா சீக்கிரம் மூழ்கும். அந்தத் தண்ணியை ஆறவெச்சுத் தொட்டியிலயே ஊத்துங்க, சாறு அதுலதான் எறங்கியிருக்கும். 30 லிட்டருக்கு ஒரு எலை. நரம்பு மட்டும் மிஞ்சுனா மாத்துங்க. தண்ணி டீ மாதிரி ஆகும், அழுக்குன்னு உங்க அம்மா கொட்டிடப் போறாங்க. அந்த மங்கல்லதான் மீனு பயமில்லாம வெளிய வரும். இன்னொண்ணு, 800 தண்ணியில இருக்கிற கார்பனேட் உப்பை எலையால அசைக்க முடியாது, புளிப்பு ஏறாது, அதாவது பிஎச் எறங்காது. தண்ணியை மாத்துறதும் எலை போடுறதும் சேந்து நடக்கணும்.

ரவி: எலை எவ்ளோக்கா?

மலர்: வெளிய உங்க வண்டியை எதுக்குக் கீழ நிறுத்தியிருக்கீங்க?

ரவி: மரத்துக்குக் கீழ. சீட்டு மேல ரெண்டு எலை கூட... ஓ. இதுவா? இதைத் தெனம் கூட்டித் தள்ளிக் கொளுத்துறாங்களே!

மலர்: அதேதான். எடுத்துட்டுப் போங்க.

ரவி: ஆன்லைன்ல பாக்கெட்டுல வருதேக்கா, அது கொஞ்சம் நல்ல எலையா இருக்கும்ல?

மலர்: சரி. பத்து எலை, பாக்கெட்டு, நூத்தம்பது ரூபா.

ரவி: நூறு ரூபாய்க்குக் குடுங்க.

மலர்: குடுங்க காசை. இந்தாங்க, நூறு ரூபாய்க்கு ஆர்ட்டீமியா முட்டை. எலை சீட்டு மேல இருக்குது.

ரவி: அக்கா, சீட்டு மேல இருக்கிற எலைக்குக் கேரண்டி உண்டா?