கழகம் மாறுவது குறையா?
பல உதைபந்தாட்டக் கழகங்களுக்கு மாறி ஆடியவர் எந்தப் பாணியிலும் ஊறியிருக்க மாட்டார், ஆகவே நல்ல பயிற்றுவிப்பாளராக முடியாது என்று ஒரு கட்டுரையாளர், இலங்கை அணியின் முன்னாள் பயிற்றுவிப்பாளர் அன்டி மொரிசனை முன்வைத்துச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. இங்கிலாந்தில் பிளிமத், பிளாக்பர்ன், பிளாக்பூல், ஹடர்ஸ்ஃபீல்ட் என்று கழகம் கழகமாகச் சுற்றிய அதே பின்கள வீரர்தான் 1999இல் லண்டன் வெம்பிளி மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டிக்குத் தலைமை தாங்கினார். மூன்றாம் அடுக்கு லீக்கில் கிடந்த அந்த அணி அன்று பெனால்டியில் வென்று மேலேறியது. பயிற்றுவிப்பாளரானதும் வேல்ஸின் கொன்னாஸ் கீ நோமட்ஸ் கழகத்தில் 2015 முதல் 2021 வரை அசையாமல் இருந்து வெல்ஷ் கிண்ணத்தையும் அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்களையும் வென்றாரே, அதைக் கட்டுரை ஏன் தொடவில்லை? 2024 செப்டெம்பரில் இலங்கை கம்போடியாவை அதன் மண்ணிலேயே பெனால்டியில் வீழ்த்தியதும் அவரது காலத்தில்தான். அது புலம்பெயர் வீரர்களால் வந்த வெற்றி என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் எழுதியிருப்பது பாதி உண்மை. வெவ்வேறு நாடுகளில் ஆடியவர்களை ஒரே வரிசையில் நிறுத்தியது யார்? மட்டக்களப்பில் எங்களுக்குப் பயிற்சி தரும் அண்ணரும் ஏறாவூர், கல்முனை, கொழும்பு என்று ஆடித் திரிந்தவர்தான். மாலையில் வெபர் மைதானத்தில் பின்கள வீரர் நால்வரின் இடுப்பையும் ஒரே கயிற்றில் பிணைத்து ஓடவிடுவார். ஒருவன் ஆசைப்பட்டு முன்னே பாய்ந்தால் மற்ற மூவரும் தடுமாறுவார்கள். எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், ஒவ்வொரு வித்தைக்கும் ஓர் ஊரின் பெயரைச் சொல்வார். ஒரே கழகத்தில் காலம் கழித்த பெரியவர்களிடம், கோபிக்க வேண்டாம், அப்படிப் பதில் நான் கேட்டதில்லை.