பிரீதர் பைப்பை அடைத்தால் இன்டேக்கில் (இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில்) ஆயில் வராதா?

லாரி குரூப்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குப் போகிற பிரீதர் ஹோஸைக் கழற்றி, வாயில் ஒரு போல்ட்டைச் சொருகி கிளாம்ப் போட்டுவிட்டால் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் ஆயிலே சேராதாம். தப்பு, தயவுசெய்து செய்யாதீர்கள்.

புது இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் கேஸ் கீழே இறங்கத்தான் செய்யும், அது ஆயில் ஆவியையும் அள்ளிக்கொண்டு வெளியேறுகிற வழிதான் அந்தப் பைப். அதை அடைத்தால் அழுத்தம் உள்ளேயே ஏறி கிராங்க் சீல் கசியும், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பும். அதைவிட மோசம், டர்போவிலிருந்து ஆயில் தன் எடையில்தான் இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு (சம்ப்) இறங்குகிறது; கீழே அழுத்தம் இருந்தால் இறங்காமல் டர்போவின் ஷாஃப்ட் சீல் வழியாக அதே இன்டேக்குக்குத்தான் வரும். எதைத் தடுக்கப் போனோமோ அதுவே! ரொம்பப் போனால் டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியை ஆஃப் செய்தாலும் நிற்காமல் ஓடும்.

சரி, என்ன செய்யலாம்? ஹோஸுக்குள் விரலை விட்டால் பிசுபிசுப்பாக இருப்பது சகஜம், பயம் வேண்டாம். இன்டர்கூலரில் தேங்கி நின்றால்தான் கவலை. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், தூசியில் அடைத்திருந்தால் டர்போ ஆயிலைத்தான் உறிஞ்சும். பிரீதரில் ஆயிலைப் பிரித்தெடுக்கும் செபரேட்டர் இருந்தால் அதையும் பாருங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அப்புறம் ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயில் கவிழ்த்து வையுங்கள், உள்ளிருந்து வரும் கேஸ் அதைப் புகையோடு தூக்கி எறிந்தால் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், பைப் மேல் பழி போடாதீர்கள்.